நியாயத்தீர்ப்புத் தீர்க்கதரிசனங்கள் சொன்ன காலத்தில் நடந்தனவா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீரு நகரத்தை அழிப்பான், அது திரும்பக் கட்டப்படாது என்று எசேக்கியேல் 26 சொல்கிறது. அவன் 13 வருடம் முற்றுகை போட்டும் தீவைக் கொள்ளையிட முடியவில்லை. 40 நாளில் நினிவே கவிழும் என்றார் யோனா, 40 நாள் கழித்தும் நினிவே இருந்தது. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிற உபாகமம் 18:22இன்படி பார்த்தால் இவர்கள் கள்ளத் தீர்க்கதரிசிகள்தானே? காலம் தவறினால் வாக்கே தவறு. சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

தீருவிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இடங்களில் ஏதாவது சமாதானம் சொல்லி நகர்ந்துவிடலாம், இங்கே முடியாது. நீங்கள் சொன்ன வரலாறு சரி. எருசலேம் விழுந்த கையோடு, ஏறக்குறைய கி.மு. 586 வாக்கில், பாபிலோன் படை தீருவை வளைத்தது. 13 வருட முற்றுகை என்று யூத வரலாற்று ஆசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். தீரு இரண்டு துண்டாக இருந்த நகரம்: ஒரு பகுதி கரையில், இன்னொன்று ஏறக்குறைய அரை மைல் தள்ளிக் கடலுக்குள் ஒரு தீவில். கரைப்பகுதியைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. தீவுதான் சிக்கல். கடைசியில் தீரு பாபிலோனுக்கு அடங்கிப்போனது, ஆனால் 26ஆம் அதிகாரம் சொல்கிற கொள்ளையும் தரைமட்டமும் அப்போது நடக்கவில்லை.

இதை முதலில் சொன்னது யார் தெரியுமா? எசேக்கியேல் புத்தகமேதான். 29:17க்குப் போங்கள். சிறையிருப்பின் 27ஆம் வருடம், முதலாம் மாதம், முதல் தேதி என்று இருக்கும், நம் கணக்கில் கி.மு. 571. நேபுகாத்நேச்சாரின் சேனை தீருவுக்கு எதிராகக் கடுமையாக உழைத்தது, எல்லார் தலையும் மொட்டையாகி எல்லார் தோளும் தோலுரிந்து போயிற்று, ஆனாலும் அவனுக்கும் சரி சேனைக்கும் சரி கூலி கிடைக்கவில்லை, அதனால் எகிப்தை அவனுக்குக் கொடுப்பேன் என்று அதே தீர்க்கதரிசிக்கு வார்த்தை வருகிறது. அந்தப் புத்தகத்தில் தேதி போட்ட வாக்குகளிலேயே காலத்தால் கடைசியானது இதுதான். பழைய வாக்கை அழிக்கவில்லை, திருத்தவும் இல்லை, புதியதைத் தேதியோடு அருகிலேயே வைத்திருக்கிறார்கள். ஏமாற்ற நினைத்தவர் முதலில் 26ஐ அல்லவா கிழித்துப் போட்டிருப்பார்?

இது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது, தெரியும். ஆனால் பதில் தேட வேண்டிய இடத்தை இது காட்டுகிறது. நடந்ததற்கும் சொன்னதற்கும் இடைவெளி இருந்ததை அந்தத் தீர்க்கதரிசியும் பார்த்தார், அவர் எழுத்தைக் காப்பாற்றி வைத்தவர்களும் பார்த்தார்கள். அப்படியிருந்தும் அதைப் பரிசுத்த எழுத்து என்று வைத்துக்கொண்டார்கள் என்றால், காலத்தைப் பற்றிய அவர்களுடைய எதிர்பார்ப்பு நம்முடையதைவிட வேறாக இருந்திருக்க வேண்டும். அது என்ன என்பதைத்தான் நான் பல வருடமாகத் தேடிப் படிக்கிறேன்.

பிப்ரவரி 5

ஒன்றைக் கவனியுங்கள். எசேக்கியேலில் தேதிகள் ஏராளம். வருடம், மாதம், நாள் என்று மூன்றும் இருக்கும். ஆகாயும் சகரியாவும் அப்படித்தான். ஆனால் அந்தத் தேதிகள் எல்லாம் வார்த்தை எப்போது வந்தது என்பதற்கான தேதிகள். எப்போது நிறைவேறும் என்பதற்கு அந்த அளவு துல்லியம் எங்குமே இல்லை. சொன்ன நாளைக் கல்லில் வெட்டின மாதிரி பதிந்து வைத்துவிட்டு, நடக்கிற நாளைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். "சமீபம்", "அந்நாளிலே", "கர்த்தருடைய நாள்" என்று போகும்.

எசேக்கியேல் 24:1 இதற்கு நல்ல உதாரணம். ஒன்பதாம் வருடம் பத்தாம் மாதம் பத்தாம் தேதி, இந்த நாளின் பேரை எழுதி வை, இன்றைக்குத்தான் பாபிலோன் ராஜா எருசலேமில் இறங்கினான் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அவர் இருப்பதோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் பாபிலோனில். அங்கேயும் வருங்காலத் தேதி கிடையாது. இன்றைய தேதிதான்.

பிப்ரவரி 7

இப்போது யோனா. "இன்னும் நாற்பதுநாள் உண்டு" என்று காலக்கெடுவோடு, நிபந்தனை எதுவும் இல்லாமல் வந்த வாக்கு. ஒரு "ஆனால்" கூட அதில் இல்லை. நினிவே மனந்திரும்பியது, அழிவு வரவில்லை. யோனாவுக்குக் கடுங்கோபம். அந்தக் கோபத்தைப் பற்றித்தான் நாலாம் அதிகாரம் முழுவதும். உங்கள் கேள்வியைக் கடவுளிடம் முதலில் கேட்ட ஆள் யோனாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது நடக்கவில்லையே, என் மானம் போயிற்றே என்று வெயிலில் உட்கார்ந்து சாகக் கேட்கிறார்.

எரேமியா 18:7-10இல் இதற்கான விதி வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரு ஜாதியைப் பிடுங்குவேன், இடிப்பேன் என்று நான் சொன்ன பிறகு அந்த ஜாதி தீமையை விட்டுத் திரும்பினால், நானும் செய்ய நினைத்ததை விட்டுவிடுவேன். குயவன் வீட்டில் கற்றுக்கொண்ட பாடம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எரேமியா 26. அதை ஏனோ பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. யூதாவின் ராஜா யோயாக்கீம் ஆட்சியின் தொடக்கம், கி.மு. 609 வாக்கு. ஆலயம், பழைய ஆராதனை இடமான சீலோவைப் போலப் பாழாகும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்கிறார்கள். அப்போது தேசத்து மூப்பர்கள் சிலர் எழுந்து, எசேக்கியா ராஜாவின் காலத்தில் மீகா இதையேதானே சொன்னார், சீயோன் வயலைப்போல உழப்படும் என்றாரே, எசேக்கியா அவரைக் கொன்றாரா, கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினார், கர்த்தரும் மனமிரங்கினார் என்று வாதாடுகிறார்கள். ஒரு தீர்க்கதரிசியின் வசனத்தை இன்னொரு தீர்க்கதரிசியின் புத்தகம் பெயர் சொல்லி எடுத்துக்காட்டுவது அபூர்வம், அது இங்கே நடக்கிறது. மீகா சொல்லி நூறு வருடமாகியும் எருசலேம் நின்றுகொண்டிருந்தது. மீகா பொய்யர் என்று அந்த மூப்பர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அவர் சொன்னதால்தான் நகரம் தப்பியது என்று சொன்னார்கள். சொன்னது நடக்காமல் போனதே அந்த வாக்கின் வெற்றி!

அதே அதிகாரத்தின் கடைசியையும் படித்துவிடுங்கள். உரியா என்ற இன்னொருவர் அதே செய்தியைச் சொல்லிவிட்டு எகிப்துக்கு ஓடினார், ஆள் அனுப்பிப் பிடித்து வந்து வெட்டிப்போட்டார்கள். அவருக்காக வாதாட மூப்பர் யாரும் இருக்கவில்லை போலும்.

பிப்ரவரி 8

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு உறுத்தல். எரேமியா 18ஐ எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியாக்கிவிடக் கூடாது. மனந்திரும்புதல் நினிவேக்குப் பொருந்தும், எசேக்கியாவுக்குப் பொருந்தும். தீரு மனந்திரும்பியதா? எசேக்கியேலில் அப்படி ஒரு வரியும் இல்லை. 29ஆம் அதிகாரத்தில் எகிப்து 40 வருடம் பாழாய்க் கிடக்கும் என்று இருக்கிறது. கி.மு. 568-567இல் நேபுகாத்நேச்சார் எகிப்துக்கு எதிராகப் படை எடுத்தான் என்று சிதைந்த ஒரு பாபிலோனியக் களிமண் பலகை சொல்கிறது. படையெடுப்பு உண்டு. 40 வருடம் ஆள் நடமாட்டமே இல்லாத எகிப்து வரலாற்றில் இல்லை. அங்கேயும் மனந்திரும்புதல் கதை இல்லை.

ஆகவே நிபந்தனை என்ற விளக்கம் பாதித் தூரம்தான் கூட்டிக்கொண்டு போகும். மீதிக்கு அழிவுப் பாட்டின் மொழியையும் பார்க்க வேண்டும். பழைய கிழக்கத்திய நாடுகளில் ஒரு நகரம் விழுவதைச் சொல்ல ஒரு நடை இருந்தது: ஓநாய் குடியிருக்கும், ஆந்தை கூப்பிடும், மனுஷன் கடந்துபோகமாட்டான். நினிவே, ஏதோம், பாபிலோன் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கிராமக் கணக்கர் அறிக்கை போல வரி வரியாகச் சரிபார்ப்பது அந்த நடைக்கு நியாயமில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எது நடக்காவிட்டாலும் "அது கவிதை" என்று தள்ளிவிடலாம்.

பிப்ரவரி 11

இந்த விஷயம் எனக்கு ஏன் வெறும் படிப்பு விஷயமில்லை என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 1991 வளைகுடாப் போர் நேரம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் துணியில் வரைந்த பெரிய படத்தை மாட்டி, ஏசாயா 13ஐயும் எரேமியா 50, 51ஐயும் வைத்து, பாபிலோன் இன்னும் முழுதாக அழியவில்லை, சதாம் உசேன் அதைத் திரும்பக் கட்டுகிறார், ஆகவே அழிவு இனிதான், அதுவும் சில மாதங்களில் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சதாம் பழைய பாபிலோன் இடிபாடுகள்மேல் தன் பெயர் பொறித்த செங்கல்லால் சுவர் எழுப்பியது உண்மைதான். எங்கள் வீட்டில் மாடி எடுப்பதற்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அப்பா அப்படியே நிறுத்திவிட்டார். உலகமே முடியப்போகும்போது மாடி எதற்கு என்று. பல வருடம் அந்த வீட்டு மேல் கம்பி நீட்டிக்கொண்டே இருந்தது.

அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். அவர் வசனத்தை நம்பினார். படம் மாட்டினவர்மேல்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். ஏனென்றால் அவர் கையில் இருந்த அதே எரேமியா புத்தகத்தில் 29ஆம் அதிகாரம் இருந்தது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். 70 வருடம் என்ற காலக்கெடு இந்தக் கடிதத்திலும் வருகிறது. காலத்தைச் சொன்னது வீட்டைக் கட்டச் சொல்வதற்காக. என் அப்பாவுக்கு அதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12

"அலெக்சாந்தரை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டவருக்கு: விடவில்லை. கி.மு. 332இல் கரைப்பகுதி இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை போட்டு, ஏழு மாதத்தில் தீவைப் பிடித்தார். எசேக்கியேல் 26:3 அநேகம் ஜாதிகள் அலைபோல வருவதைச் சொல்வதால், நேபுகாத்நேச்சார் முதல் அலை, அலெக்சாந்தர் பிந்தின அலை என்ற வாசிப்புக்கு இடம் உண்டு. கல்லும் மண்ணும் தண்ணீருக்குள் போடப்படும் என்ற 26:12 அவ்வளவு பொருத்தமாக இருப்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் தீரு எழுந்தது. பவுல் அங்கே ஏழு நாள் தங்கினார், அப்போஸ்தலர் 21இல் இருக்கிறது. இன்றைக்கும் லெபனானில் சூர் என்ற பெயரில் ஊர் இருக்கிறது. அலெக்சாந்தரை வைத்துக் கணக்கை நேர்செய்தாலும் "திரும்பக் கட்டப்படாது" என்பது பாக்கி நிற்கும். எசேக்கியேல் தம் 29ஆம் அதிகாரத்தில் 240 வருடம் காத்திருக்கச் சொல்லவுமில்லை.

பிப்ரவரி 15

70 வருடம் பற்றிக் கேட்டவர்கள் இரண்டு பேர். இது பெரிய விஷயம், நிதானமாகப் படியுங்கள்.

எரேமியா 25:11இல் இந்த ஜாதிகள் 70 வருடம் பாபிலோன் ராஜாவைச் சேவிக்கும் என்று இருக்கிறது. எங்கிருந்து எங்கே எண்ணுவது? நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்த கி.மு. 605இலிருந்து பாரசீக ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்த 539 வரை 66. அசீரியாவின் கடைசி மிச்சம் ஒழிந்து பாபிலோன் தனி வல்லரசான 609இலிருந்து எண்ணினால் சரியாக 70. ஆலயம் இடிந்த 586இலிருந்து திரும்பக் கட்டி முடித்த 515 வரை எண்ணினாலும் ஏறக்குறைய 70தான். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சண்டை.

இந்தச் சண்டையில் இறங்குவதற்கு முன் இன்னொரு கல்வெட்டைப் பாருங்கள். அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 689இல் பாபிலோனை நாசம் செய்தான். அவன் மகன் எசரத்தோன் அதைத் திரும்பக் கட்டினான். அதற்கு அவன் தன் கல்வெட்டில் சொன்ன காரணம் இது: மர்தூக் தெய்வம் பாபிலோன் 70 வருடம் பாழாகக் கிடக்க வேண்டும் என்று விதித்திருந்தது, பிறகு இரக்கப்பட்டு அந்த எண்ணைப் புரட்டிப்போட்டு 11 வருடமாக்கிவிட்டது. ஆப்பெழுத்தில் 60க்கான குறியும் 10க்கான குறியும் சேர்ந்தால் 70, இடம் மாற்றிப் போட்டால் 11, ஏனென்றால் 60க்கும் 1க்கும் ஒரே குறிதான்.

எரேமியாவுக்கு அரை நூற்றாண்டுக்குமேல் முந்தின எழுத்து அது. அதாவது தெய்வக் கோபத்தால் ஒரு நகரம் பாழாகக் கிடப்பதற்கு 70 என்பது அந்த வட்டாரத்தில் புழங்கின எண். ஏசாயா 23லும் தீரு 70 வருடம் மறக்கப்படும் என்று வருகிறது, ஒரு ராஜாவின் நாட்களைப் போல என்ற சொல்லோடு. சங்கீதம் 90 மனுஷ ஆயுசை 70 என்கிறது. எரேமியாவின் கடிதத்தைக் கையில் வாங்கின நடுவயசு ஆளுக்கு அதன் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கும்: நீ திரும்பிப் போகமாட்டாய், உன் பேரப்பிள்ளை போவான்.

பிப்ரவரி 16

நேற்று விட்டுப்போனது. வேதத்துக்குள்ளேயே அந்த 70ஐ வேறு வேறு விதமாக எண்ணியிருக்கிறார்கள். சகரியா 1:12, பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் வருடம், கி.மு. 519. கோரேஸ் உத்தரவு கொடுத்து ஜனங்கள் திரும்பி வந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் தூதன் இந்த எழுபது வருஷமாய்க் கோபமாயிருக்கிறீரே, எருசலேமுக்கு எப்போது இரங்குவீர் என்று கேட்கிறான். 2 நாளாகமம் 36 தேசம் அனுபவிக்காத ஓய்வு வருடங்களோடு அதைச் சேர்க்கிறது. தானியேல் 9இல் அதே 70 எழுபது வாரங்களாக விரிகிறது. ஒரே எண்ணை மூன்று பேர் மூன்று விதமாக வாசித்திருக்கிறார்கள், மூன்றும் ஒரே தோல்பையில் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதில் ஒன்றை மட்டும் சரியென்று காட்ட அட்டவணை போடுகிறவர்கள் மற்ற இரண்டையும் என்ன செய்வார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

பிப்ரவரி 20

உபாகமம் 18:22. கேள்வி கேட்டவர் விடாமல் இதையே பிடித்திருக்கிறார், அது நியாயம்தான். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று அங்கே நேராக இருக்கிறது.

அந்த விதி நடைமுறையில் ஓடினதைப் பார்க்க எரேமியா 28. கி.மு. 594 வாக்கு. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டு வருடத்தில் பாபிலோனின் நுகம் உடையும், கொண்டுபோன பணிமுட்டுகள் திரும்பி வரும் என்கிறார். துல்லியமான காலம்! எரேமியா முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். பிறகு சொல்வதுதான் முக்கியம்: முற்காலத்துத் தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் தீங்கையும் கொள்ளைநோயையும் பற்றிச் சொன்னார்கள், சமாதானம் என்று சொல்கிறவனைத்தான் நடந்தபின் கர்த்தர் அனுப்பினவன் என்று அறிய வேண்டும். சோதனை அங்கே நல்வாக்குச் சொல்கிறவனுக்கே வைக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடெஸ் இதைப் பிடித்துக்கொண்டு, தண்டனை வாக்கு நடக்காமல் போனால் தீர்க்கதரிசி பொய்யன் ஆகமாட்டான், கடவுள் இரங்கியிருக்கலாம், யோனாவைப் பாருங்கள், நல்வாக்கு தவறினால்தான் பொய்யன் என்று சட்டமாகவே எழுதிவைத்தார்.

எனக்கு இது முக்கால்வாசி சம்மதம். எரேமியா 18:10 நன்மையைச் சொல்லியிருந்தாலும் ஜனங்கள் பொல்லாப்புச் செய்தால் அதையும் மாற்றுவேன் என்கிறதே, அது மைமோனிடெஸின் கோட்டுக்குள் அடங்கமாட்டேன் என்கிறது.

பாபிலோனுக்கு அடங்குங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த நுகத்தை அனனியா எடுத்து உடைத்ததும், எரேமியா பதில் சொல்லாமல் தம் வழியே போய்விட்டார். எனக்கு அந்த இடம் மிகவும் பெரியது. கையில் சூடான பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டு போகத் தெரிந்தவர். பிறகுதான் வார்த்தை வருகிறது, இந்த வருஷத்திலே நீ சாவாய் என்று. ஏழாம் மாதம் அனனியா இறந்தார்.

பிப்ரவரி 23

"அப்படியென்றால் தீர்க்கதரிசி எப்போது வேண்டுமானாலும் நடக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாமே" என்று ஒரு பின்னூட்டம். இதே பேச்சு எசேக்கியேல் காலத்திலேயே தெருவில் ஓடியது. 12:22 பாருங்கள், நாட்கள் நீடிக்கிறது, தரிசனமெல்லாம் ஒன்றுமில்லாமல் போகிறது என்று இஸ்ரவேல் தேசத்தில் பழமொழியே வந்துவிட்டது. இன்னொரு கூட்டம் 12:27இல்: இவர் காண்பது வெகுநாளைக்குப் பிறகு நடக்கப்போவது, நமக்கில்லை என்கிறது. இரண்டுமே தப்பிக்கிற வழி. ஒருவன் நடக்காது என்கிறான், ஒருவன் நடக்கும் ஆனால் எனக்கு நடக்காது என்கிறான். இரண்டு பேருக்கும் பதில், இனித் தாமதமில்லை, உங்கள் நாட்களிலேயே என்பதுதான். அது ஏறக்குறைய கி.மு. 592. ஆறு வருடத்துக்குள் எருசலேம் எரிந்தது. ஆகவே தீர்க்கதரிசிகள் காலத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று என் குறிப்புகளிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்கிறவனின் வாழ்நாளை நோக்கிச் சொன்னார்கள். 2500 வருடம் தள்ளி இருக்கிற ஒருவனின் காலண்டருக்குச் சொன்னார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

மார்ச் 1

எசேக்கியேல் 4:6ஐ வைத்து ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்று கணக்குப் போடலாமா? அந்தச் சூத்திரத்தைத் தானியேல் 8:14இன் 2300 நாளுக்குப் போட்டுத்தான் அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றினவர்கள் கிறிஸ்து திரும்பி வரும் நாள் என்று 1844 அக்டோபர் 22க்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ராத்திரி விடிந்தபோது அவர்கள் அழுத அழுகை பதிவாகியிருக்கிறது. எசேக்கியேல் 4இலோ, அந்த நாட்கள் ஒரு மனிதன் பக்கவாட்டில் படுத்துக் கிடந்து தன் ஜனத்தின் அக்கிரமத்தைச் சுமக்கிற நாட்கள். வேறொரு புத்தகத்தின் எண்ணுக்கு அதைச் சூத்திரமாக்கச் சொல்லி அங்கே ஒன்றும் இல்லை.

எண்களும் கைமாறி வந்தவைதான். எபிரெயப் பிரதியில் எசேக்கியேல் 4:5 சொல்லும் அந்த நாட்களின் எண் 390, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 190. யோனாவின் 40 நாள் கிரேக்கத்தில் மூன்று நாள். நினிவேயின் மனந்திரும்புதல் இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 3

கடைசியாக எனக்கே கடினமான ஒன்று. 2 இராஜாக்கள் 22:20, உல்தாள் தீர்க்கதரிசினி யூதாவின் ராஜா யோசியாவுக்குச் சொன்னது: நீ சமாதானத்தோடே உன் கல்லறையில் சேர்க்கப்படுவாய். அடுத்த அதிகாரத்தில் அவர் மெகிதோவிலே பார்வோன் நேகோவின் கையால் சாகிறார், கி.மு. 609. நல்வாக்கு. மைமோனிடெஸ் கணக்கில் தவறவே கூடாதது. வரப்போகிற பொல்லாப்பை உன் கண்கள் காணாது என்ற பின்பாதியை வைத்து, எருசலேமின் அழிவைப் பார்க்காமல் போவதே இங்கே சமாதானம் என்று வாசிக்கலாம். நான் இப்போதைக்கு அப்படித்தான் வாசிக்கிறேன், ஏனென்றால் இஸ்ரவேல் ராஜா ஆகாபுக்கும் அதேதான் நடந்தது: தாழ்த்தினதால் பொல்லாப்பு அவன் நாளில் வராமல் அவன் குமாரன் நாளுக்குத் தள்ளிப்போனது, அவனும் போர்க்களத்தில்தான் செத்தான். ஆனால் மெகிதோ வசனத்தை எழுதினவர் உல்தாளின் வாக்கு நிறைவேறினது என்று ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, மற்ற பல இடங்களில் சேர்க்கிறார். அந்த மௌனத்துக்கு என்ன காரணம் என்று யோசித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். யோசியா நேகோவின் எச்சரிப்பைக் கேட்கவில்லை, அது தேவனுடைய வாயிலிருந்து வந்த வார்த்தை என்று 2 நாளாகமம் 35:22 சொல்வதை வைத்து ஒருவர் ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறார், அதாவது நல்வாக்கும் எரேமியா 18:10இன்படி நிபந்தனைக்குட்பட்டது என்று. அந்த வழி எனக்கு வலுவாகத் தெரிகிறது. பிழைப்பாய் என்று சொல்லப்பட்ட நீதிமானும் அநியாயம் செய்தால் சாவான் என்கிற எசேக்கியேல் 33:13-ஐயும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.